எனக்கும் நடந்தது

செயலியில் வருகிற பிழையைப் பற்றிக் கோபத்தோடு எழுதக் கூடாது, ஐயா. எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். 'உங்கள் செயலி வெறும் குப்பை' என்று ஆரம்பிக்கிறவருக்கு 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நன்றியும் போட வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் எழுதினேன். மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம், 'லிஃப்ட்காரர் எழுதுவதைப் பார்த்து எழுதுங்கள்' என்று நெறியாளரே சொல்வார்.

லிஃப்ட்காரர் என்றால் நான்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். 'ரெண்டாவது மாடி வந்தா ஒரு குலுக்கு குலுக்குதுங்க' என்பார்கள். நான் போய் ஏறி நின்றால் குலுக்காது. டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடிப்போவது மாதிரிதான். அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. குலுக்குகிற வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததும் அதே வேலைதான் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கையில் ஒரு பட்டை கட்டியிருப்பாள். வலிப்பு வந்தால் அது கண்டுபிடித்து என் போனில் அலாரம் அடிக்கும். அந்தப் பட்டையையும் செயலியையும் பயன்படுத்துகிறவர்களுக்காக நிறுவனம் நடத்திய இணைய மன்றம்தான் நான் சொல்வது. எல்லாரும் என்னைப் போல அம்மா அப்பாக்கள், அண்ணன் தம்பிகள். பிழை இருந்தால் எழுதுவோம், இன்னும் என்ன வசதி வேண்டும் என்று கேட்போம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அங்கே எல்லாருக்கும் வந்திருந்தது. அதனால் அது எனக்குச் சொந்தக்காரர்கள் வீடு மாதிரி இருந்தது.

முதலில் நான் எழுதியது வேண்டாத அலாரங்களைப் பற்றி. அவள் பல் தேய்த்தால் அடிக்கும். முட்டை அடித்துக் கலக்கினால் அடிக்கும். பாட்டுப் போட்டு ஆடினால் கேட்கவே வேண்டாம். நான் வேலையிடத்தில் அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் செய்வேன்.

"என்னடி, பல்லு வெளக்குறியா?"

"ஆமாப்பா. நெஜமா வந்திருந்தா நான் போன் எடுத்திருப்பேனா? யோசிச்சுக் கேளுப்பா."

பத்தொன்பது வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்கு. "நீ என்னைப் பாத்துக்கிறியா, இல்ல உன் போனைப் பாத்துக்கிறியா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பிழையை எழுதினால், அது முதலில் காத்திருப்பில் நிற்கும். அதற்குக் கீழே 'எனக்கும் நடந்தது' என்று ஒரு பொத்தான் இருக்கும். வேறொரு வீட்டுக்காரர் அதை அழுத்தினால்தான் பொறியாளர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் தானாக மூடிவிடும். அதற்கு முன்பெல்லாம் போனைத் தண்ணீரில் போட்டவர்கள்கூடப் பிழை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மையான புகார்கள் அந்தக் குப்பையில் காணாமல் போயின. இந்தப் பொத்தானை வைக்கச் சொல்லி யோசனை எழுதியது நான்தான். நிறையப் பேர் பாராட்டினார்கள். என் மகள்கூட, "பரவால்லப்பா, நீ பெரிய ஆளுதான்" என்றாள்.

அவள் ஒரு முற்பகலில் போனாள். குளியலறையில் விழுந்து, குழாயில் தலை பட்டிருந்தது. என் மனைவி வங்கிக்குப் போயிருந்தாள். நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் இறங்கி நிற்கும் பள்ளத்துக்குள் கம்பி வடத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். அலாரம் வரவில்லை. வந்திருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டில் இருந்திருப்பேன். அவ்வளவு பக்கம்தான் அந்தக் கட்டடம்.

காரியங்கள் முடிந்ததும் நான் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். வேறு என்ன செய்வது? பட்டையை என் கையில் கட்டிக்கொண்டு, கையை உதறி உதறிப் பார்த்தேன். போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு அமைப்பாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது. போனில் பேட்டரியை மிச்சப்படுத்தும் மின்கலச் சேமிப்பைப் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் செயலி தூங்கிவிடுகிறது. பிறகு பட்டை எவ்வளவு கத்தினாலும் போன் வாயைத் திறக்காது. என் போனில் அந்தச் சேமிப்பு போட்டுத்தான் இருந்தது. காணொளி எடுத்து, படிப்படியாக எழுதி, கடைசியில் நன்றி சொல்லி மன்றத்தில் போட்டேன்.

நெறியாளர் ஒரு சின்னப் பெண். அழுதுகொண்டே எழுதியிருப்பாள் போல, பதிலில் அவ்வளவு எழுத்துப்பிழை. ஆனால் சட்டம் சட்டம்தானே. இந்தப் பிழை எங்கள் போன்களில் வரவில்லை, வேறொரு வீட்டிலும் நடந்தால் உடனே எடுத்துக்கொள்வோம் என்றாள். நான் கொண்டுவந்த வழக்கத்தை எனக்கே சொன்னாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறுதல் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பொத்தானை அழுத்த ஒருவரும் இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதியது போல ஆயிற்று. நான் தினமும் திறந்து பார்ப்பேன். என் மனைவி ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அலாரம் வரலை, அலாரம் வரலைன்னு எத்தனை தடவைதான் சொல்வீங்க?" என்றாள். "நான் உங்களை ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே."

துக்கத்தில் மனிதர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அவள் செருப்பை மாட்டுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் ஒருவர் மன்றத்தில் கேள்வி போட்டார். போன் சீக்கிரம் காலியாகிறது, என்ன செய்யலாம் என்று. அவரை எனக்கு முன்பே பழக்கம். எங்கள் நகரம்தான். கீழே கடை, மேலே வீடு. அம்மா அப்பா இல்லாத தங்கையை அவர்தான் வளர்த்தார். அந்தப் பெண் மாடியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுப்பாள். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை அவளுக்கு வலிப்பு வரும்.

மன்றத்தில் நீளமாக எழுதியதையெல்லாம் அவர் படிக்கிறவர் இல்லை, என் காணொளியையும் பார்த்திருக்கவில்லை. நான் தனியாக அவருக்குச் செய்தி அனுப்பினேன். மின்கலச் சேமிப்பைப் போடுங்கள் என்றேன். எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று படம் போட்டு அனுப்பினேன். 'ரொம்ப நன்றிண்ணே' என்று எழுதினார்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை வலிப்பு வருகிற வீடென்றால் என் புகார் அதற்குள் மூடிப்போயிருக்கும். இதில் வன்மம் எதுவும் இல்லை. அந்த அண்ணன் தங்கை இருவர் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. ஓர் அலாரம் தவறினால் போதும், அவர் பொத்தானை அழுத்துவார், நானே சேமிப்பை எடுத்துவிடச் சொல்வேன். இதுதான் என் எண்ணம்.

தினமும் போன் செய்து தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். அவர் நெகிழ்ந்துபோனார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, போனை எடுத்ததுமே சொன்னார்.

"மேல விழுந்து கெடந்திருக்காண்ணே. நெத்தியில நல்ல அடி. சாப்பிடக் கூப்பிடப் போனப்பதான் பாத்தேன்."

"அலாரம் வந்துச்சா?"

"கேக்கலண்ணே. மெஷின் ஓடிட்டிருந்துச்சு."

"அது உங்க தப்பு இல்ல. அலாரமே வந்திருக்காது. மன்றத்துக்குப் போய் அந்தப் பொத்தானை அழுத்துங்க."

"இல்லண்ணே. நான்தான் கவனிக்கல. அவசரத் துணி ஒண்ணு, அதுலயே மண்டையை விட்டுட்டேன். என் தப்புக்கு அவங்களை எதுக்குச் சொல்லணும்?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கல்லில் நார் உரிப்பது போல இருந்தது. மெஷினை இனிமேல் மெதுவாக ஓட்டுவேன், போனை மடியிலேயே வைத்துக்கொள்வேன் என்றார். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிற மனிதரிடம் எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேமிப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் அப்போது சொல்லவில்லை. நீங்கள் கேட்க வருவது அதுதானே? சொல்லவில்லை. ஒரு குலுக்கு குலுக்கிய லிஃப்ட்டை யாரும் பார்க்காமல் விட்டுவிட்டால், அது குலுக்காத மாதிரிதான்.

அடுத்த வாரம் அந்தப் பெண் மாடிப்படியில் விழுந்தாள். அன்று கடையில் மெஷின் ஓடவே இல்லை. தையல்காரர் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். போன் மடியில் இருந்தது. அது அடிக்கவில்லை. அவருக்கே சந்தேகமில்லாமல் தெரிந்தது.

துக்கத்துக்கு நான் போனேன். அவர் என் தோளில் சாய்ந்து, "அண்ணே, இது உங்களுக்குத்தான் தெரியும், வேற யாருக்கும் தெரியாது" என்று கதறினார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, நம்புங்கள். அவர் சட்டையில் என் மகளின் சோப்பு வாசனை இருந்தது. கடையில் விற்கிற சாதாரண சோப்புதான், எல்லார் வீட்டிலும் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். என் மகள் போன பிறகு யாரும் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

சில நாளில் அவர் பொத்தானை அழுத்தினார். அந்த வாரமே பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். புதிய பதிப்போடு வந்த குறிப்பில், 'மின்கலச் சேமிப்பின்போது எச்சரிக்கை தவறும் சிக்கல் தீர்க்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் பலமுறை படித்தேன். எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உண்மையில் இரண்டு பெண்களும் சேர்ந்து செய்த வேலை அது.

நெறியாளர் பெண்தான் கண்டுபிடித்தாள். தையல்காரரிடம் விவரம் கேட்டபோது, அவர் நன்றியோடு நான் அனுப்பிய படங்களைக் காட்டியிருக்கிறார். அந்த அமைப்பு அலாரத்தைக் கொல்லும் என்று நான் மன்றத்தில் காணொளி போட்டது அதற்கு முன்னால். அவள் வேலையில் கெட்டிக்காரி. நான் எதையும் மறைக்கவில்லை. தையல்காரரின் தங்கை சாவதற்கு நான்தான் காரணம். தெரிந்தே செய்தேன், அவள் ஒரு தடவை விழுந்த பிறகும் தெரிந்தே விட்டுவைத்தேன். இதை என் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று நீங்கள் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. என் போனை நிறுவனம் ஆராய்ந்ததாகச் சொன்னீர்கள். மின்கலச் சேமிப்பு என் மகள் இறந்து ஒரு வாரம் கழித்துத்தான் முதன்முதலாகப் போடப்பட்டது என்றீர்கள். அன்றைக்கு அவள் விழுந்த நேரத்தில் அலாரம் அடித்தது, நான் திரையைத் தொட்டு நிறுத்தினேன், வீட்டுக்குப் போன் செய்யவில்லை என்றீர்கள். பல் தேய்க்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள், கையெல்லாம் மசகாக இருந்திருக்கும் என்று நீங்களே எனக்கு ஒரு காரணமும் எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

அது வேறொரு பிழை, ஐயா. அடிக்காத அலாரத்தை அடித்ததாகவும், நிறுத்தாததை நிறுத்தியதாகவும் செயலி பதிந்துகொள்கிறது. முந்தையதைவிட ஆபத்தானது. எழுதுவதற்கு ஒரு கணினி கொடுத்தால் இப்போதே வரிசையாக எழுதித் தருகிறேன். ஆனால் நான் ஒருவன் சொன்னால் அது காத்திருப்பில்தான் நிற்கும்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது அந்தப் பட்டையைக் கட்டியிருக்கிறார்களா?