கொட்டாவித் தவளையின் நலம்விரும்பி

எங்கள் ஆய்வு நிலையத்துக்கு மலையேறி வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. இரண்டாவதாகத்தான் தவளை எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டீர்கள், மேடம்: மேற்குப் பள்ளத்தாக்குக்கு நான் எப்போது போனேன் என்று. விசாரணை அதிகாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. நன்கொடை தருகிறவர்களுக்காக வைத்திருப்பது. நிலையம் எவ்வளவு நலிந்திருக்கிறது என்பது அவர்களுக்கு உடம்பாலேயே தெரிந்துவிடும்.

சொல்லிவிடுகிறேன். ஆனால் தவளையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஊறிய தேயிலையின் நிறம். அறிவியல் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தவளை தாவிப் போய்விடும். மழைக்காலத்தில் ஆண் தவளை துணையைக் கூப்பிடும் சத்தம், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற கொட்டாவி மாதிரி இருக்கும். அதனால் கொட்டாவித் தவளை. ஆண்டு விழாவில் தவளைகளோடு ஒரு கண்ணாடிப் பெட்டியை மேடைக்குக் கொண்டுவந்து வைப்போம். எங்கள் தலைவர் பேச ஆரம்பித்தால், அரங்கில் எது தவளை, எது உறுப்பினர் என்று பிரித்துச் சொல்வது கடினம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அவரிடமிருந்து அதைப் பிடுங்கியவர் இதுவரை என்னைத் தவிர யாரும் இல்லை.

ஒருகாலத்தில் இந்த மலைச்சரிவு முழுக்க அந்தத் தவளைகள் இருந்தன. பிறகு பூஞ்சை வந்தது. தவளை தண்ணீர் குடிப்பது தோலால்தான், பாதி மூச்சும் தோலால்தான். பூஞ்சை பிடித்தால் தோல் தடித்துப்போகும். கொஞ்ச நாளில் இதயம் நின்றுவிடும். கத்தாது, துடிக்காது. மிகவும் நாகரிகமான சாவு. மிஞ்சியவற்றைப் பிடித்துக் குளிரூட்டிய அறையில் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தோம். உலகத்தின் கடைசிக் கொட்டாவித் தவளைகள். அவற்றுக்கு ஈ பிடித்துப் போடுவது என் தங்கை. நான் செயலாளர்.

இங்கே கீழே ஓர் ஓடை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதில் பூஞ்சை இன்றைக்கும் இருக்கிறது. வேறு ஒரு வகைத் தவளை அதை உடம்பெல்லாம் சுமந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறது. எல்லா நிறுவனங்களிலும் அப்படிச் சிலர் உண்டு. விருந்தாளிகளை அந்த ஓடைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. ரப்பர் பூட்ஸ் போட்டுத் தண்ணீரில் இறக்கி நிறுத்தி, “ஒரு நிமிடம் கேளுங்கள்” என்பேன். கேட்பார்கள். “எதுவும் கேட்கவில்லையே” என்பார்கள். “அதுதான்” என்பேன். அந்த இடத்தில் அநேகமாக எல்லாருக்கும் கண் கலங்கும். நன்கொடை உறுதியாவதும் அந்த இடத்தில்தான்.

இனி மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். காட்டில் அலைந்து கணக்கெடுப்பது அவர் வேலை. நிலையத்தில் அவருக்குப் பெயர் பிரஷ். ஏனென்றால் ஓர் ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகுமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைக்க வேண்டும் என்பது விதி. ஈரச் சேற்றில் பூஞ்சை பயணம் போகும். விதியை எழுதியவன் நான். அதைக் கடைப்பிடித்தவர் அவர் மட்டும்தான். ஒருமுறை அமைச்சர் முன்னிலையில் தலைவரையே வாசலில் நிறுத்திவிட்டார்.

“சார், ஷூ.”

“யோவ், இது போன வாரம் வாங்கினதுய்யா.”

“அப்ப அழுக்கு கம்மியா இருக்கும் சார். சீக்கிரம் முடிஞ்சிரும்.”

தலைவர் குனிந்து தேய்த்தார். அமைச்சர் கைதட்டினார். அந்தப் புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ‘எளிமையின் சிகரம்’ என்று தலைப்பு. அன்றிலிருந்து தலைவர் மாப்பிள்ளையை மன்னிக்கவே இல்லை.

கீழ் ஓடையில் மாப்பிள்ளை கால் வைத்ததே கிடையாது. “அது சாக்கடை மச்சான். அங்க போயிட்டு வர்ற உங்களையே வீட்டுக்குள்ள விடக் கூடாது” என்பார். சிரிப்போம்.

போன மழைக்காலத்தில் அவர் மேற்கு முகட்டைத் தாண்டிப் போனார். அங்கே யாரும் போனதில்லை. பாதை இல்லை, அட்டை அதிகம், தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. திரும்பி வந்தவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். தாடி, சேறு, அட்டை கடித்த ரத்தம். என் தங்கையும் அங்கேதான் இருந்தாள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து அழுத்தினார்.

அறை முழுக்கக் கொட்டாவி.

“மச்சான், பள்ளத்தாக்கு பூரா மச்சான். கால் வைக்க இடம் இல்ல. எல்லாம் கொட்டாவி விட்டுகிட்டு உக்காந்திருக்குதுங்க.”

“பூஞ்சை?”

“இல்ல. சோதிச்சுட்டேன். துளிகூட இல்ல.” என் தங்கை அதைக் கேட்டுக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டாள். “பாருங்க, உங்க தங்கச்சியும் ஒண்ணு” என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அது உண்மையான அழுகை, மேடம். அதில் சந்தேகம் வேண்டாம்.

அவர் குளிக்கப் போன பிறகு நான் யோசித்தேன். ‘அழிவின் விளிம்பு’ என்று சொல்கிறோமே, அது ஒரு முகவரி. நாங்கள் குடியிருப்பது அங்கேதான். கடிதத் தாளில், பலகையில், தலைவரின் சட்டைப்பை முத்திரையில், எல்லாவற்றிலும் ‘உலகின் கடைசித் தவளைகள்’ என்றிருக்கிறது. பள்ளத்தாக்கு நிறையத் தவளை இருக்கிறது என்று தெரிந்தால் கண்ணாடி அறையின் குளிரூட்டியை யார் ஓட்டுவார்கள்? கடைசித் தவளைக்குத் தத்தெடுப்புப் பத்திரம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய மனிதர்களிடம், “தங்கள் தவளைக்கு அக்கம்பக்கத்தில் ஆயிரக்கணக்கில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்” என்று எப்படிச் சொல்வது? நிலையத்தை மூடுவார்கள். மூடினால் இந்த மலையில் காட்டுயிரைப் பற்றிக் கவலைப்பட யார் இருக்கிறார்கள்? காட்டுப்பூனை, இருவாச்சி, மரநாய் என்று வரிசையில் காத்திருக்கின்றன. ஓர் உயிரினம் பிழைக்க வேண்டுமானால் அதைக் காப்பாற்றும் நிறுவனம் முதலில் பிழைக்க வேண்டும். இதைத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறார். அர்த்தம் புரிந்து செய்தவன் நான் ஒருவன்தான்.

மாப்பிள்ளை அடுத்த வாரமே அறிவிக்க வேண்டும் என்றார்.

“நல்ல சேதிய அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது மாப்பிள்ளை. வெயில் காலத்துல இன்னொரு தடவை போய்ப் பாருங்க. உறுதிப்படுத்திகிட்டு, ஆண்டு விழாவுல நீங்களே மேடையேறிச் சொல்லுங்க.”

“மைக் கிடைக்குமா?”

“பிடுங்கித் தர்றேன்.”

சந்தோஷமாகச் சரி என்றார். மழை நிற்குமுன் அவர் கணக்கெடுப்புக்காக மேல் ஓடைகளுக்குப் போயிருந்த நேரத்தில், பல் வலி என்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

காலையில் கீழ் ஓடையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். பூட்ஸுக்கு உள்ளேயும் தண்ணீர் போகட்டும் என்று குனிந்து கையால் அள்ளி விட்டேன். செய்வதைத் திருந்தச் செய்கிற பழக்கம் எனக்கு. நிலைய வாசலில் மருந்துத் தொட்டி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனேன். நான் செய்தது என்று பார்த்தால் அவ்வளவுதான், மேடம். ஒரு தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பூட்ஸ் காயாமல் இருக்க வழியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டேன். முகடு ஏறும்போது மூச்சு வாங்கியது. என் வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. பள்ளத்தாக்கில் இறங்கியதும் மாப்பிள்ளை சொன்னது எவ்வளவு குறைச்சல் என்று தெரிந்தது. பாசி படிந்த பாறைகள், பாறைக்குப் பாறை ஒரு குட்டை, குட்டைக்குக் குட்டை நூறு கொட்டாவி. உலகமே ஒரு நல்ல தூக்கத்துக்குத் தயாராவது போல இருந்தது. ஒன்று என் பூட்ஸ்மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதை ஓர் இலையில் ஏந்தி ஓரமாக விட்டேன். மிதித்துவிடுவேனோ என்ற பயம். தவளையை மிதிக்கிற ஆள் இல்லை நான்.

பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு குட்டையிலும் இறங்கி ஏறினேன். மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து கொண்டுபோன பொட்டலத்தைச் சாப்பிட்டேன். காகிதத்தை அங்கே போடவில்லை, மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். காட்டில் குப்பை போடும் ஜனங்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வெயில் காலம் வந்தது. மாப்பிள்ளை போனார். திரும்பி வந்தவர் இந்த முறை சமையலறைக்கு வரவில்லை. என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்தேன்.

“ஒண்ணுகூட இல்ல மச்சான்.”

“வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும்.”

“செத்துக் கெடக்குது. குட்டைல மிதக்குது. பாறையெல்லாம் காஞ்சு ஒட்டிகிட்டு இருக்குது.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னைத் தவிர அங்க யாரும் போகல மச்சான். நான்தான் கொண்டுபோயிருக்கேன். ஆனா எப்படி? பூட்ஸ் கழுவுனேன். பை கழுவுனேன். கூடாரம், கயிறு, வலை, எல்லாம் கழுவுனேன்.”

பார்க்கப் பாவமாக இருந்தது. காரணம் தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் இப்படித் தவிப்பான்? என்னால் தாங்க முடியவில்லை.

“கம்பு?” என்றேன்.

“என்ன?”

“ஊன்றிகிட்டுப் போவீங்களே, அந்தக் கம்பு. அதோட நுனியைக் கழுவினீங்களா மாப்பிள்ளை? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன். கழுவியிருப்பார், மேடம், அவர் அப்படிப்பட்டவர். ஆனால் கழுவினேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த மாதிரி மனிதர்களிடம் இருக்கிற குறையே அதுதான். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்ல மாட்டார்கள்.

ஆண்டு விழாவில் வாக்குத் தவறாமல் மைக்கைப் பிடுங்கிக் கொடுத்தேன். அவர் மேடையேறி, ஒரு பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்ததையும் அதைத் தானே கொன்றதையும் சேர்த்துச் சொன்னார். அரங்கில் அன்று ஒருவரும் கொட்டாவி விடவில்லை. பிறகு தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கவனக்குறைவு எப்படிப்பட்ட கொலைகாரன் என்று மிக நீண்ட நேரம் பேசினார். மாப்பிள்ளையை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானத்தைக் கனத்த மனத்தோடு நான்தான் முன்மொழிந்தேன். அந்த ஆண்டு வந்த அளவுக்கு நன்கொடை அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. கண்ணாடி அறைக்குப் புதுக் குளிரூட்டி வாங்கினோம். உள்ளே இருக்கிற தவளைகள் மறுபடியும், எந்த விவாதத்துக்கும் இடமில்லாமல், உலகத்திலேயே கடைசித் தவளைகள்.

இப்போது உங்கள் ஆய்வுக்கூடம் பூஞ்சைக்கும் பரம்பரை உண்டு என்கிறது. மேல் ஓடைகளில் இருப்பது ஒரு பரம்பரை, கீழ் ஓடையில் இருப்பது ஏதோ ஒரு விருந்தாளியின் காலில் வெளியூரிலிருந்து வந்த வேறு பரம்பரை. செத்துப்போன பள்ளத்தாக்கில் கிடைத்தது கீழ் ஓடையுடையது என்கிறீர்கள். மாப்பிள்ளை கால் வைக்காத ஓடை. நான் தினமும் நிற்கிற ஓடை. பல் மருத்துவரிடமும் விசாரித்துவிட்டீர்கள். என் வாயைப் பார்த்தே பல வருடம் ஆயிற்று என்று அவர் சொல்லியிருக்கிறார். நல்ல வேலை. எங்கள் நிலையத்தில் உங்களைப் போல ஓர் ஆள் இருந்திருந்தால் எவ்வளவோ சாதித்திருப்போம்.

ஆமாம், நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஆனால் இங்கிருந்து நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் இப்போது பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறார். பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ, கதவுத் தாழ்ப்பாள். மருந்துத் தண்ணீரில் கை வெந்து தோல் உரிந்துவிட்டது. “அண்ணா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீங்க வந்து சொல்லுங்க” என்று தங்கை கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “போகட்டும் மாப்பிள்ளை, நாங்க எல்லாரும் உங்களை மன்னிச்சுட்டோம்” என்று சொல்வேன். அப்போது ஒரு பத்து நிமிடம் குழாயை மூடுவார். என் கையைப் பிடித்துக்கொள்வார். ஊரில் வேறு ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை, மேடம். நீங்கள் போய் உண்மையைச் சொல்லிவிட்டால், ஆறுதலுக்கு அந்த மனிதருக்கு யார் இருக்கிறார்கள்?