எந்த பஸ்ல வீட்டுக்குப் போவீங்க?

ஹலோ... ஹலோ, தம்பி?... அக்காடா, அக்கா பேசறேன்... ஆமா, ஆமா, கம்பெனியிலேர்ந்துதான்... இல்லடா, வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ முதல்ல ரூமை விட்டு வெளிய வா... மீட்டிங் இருந்தா இருக்கட்டும். வேலை நேரத்துல நான் என்ன தினமுமா கூப்பிடறேன்?... ம்... வந்துட்டியா?... சரி.

நூல் ஸ்டோர்ல உக்காந்திருக்கேன். உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேன். மெதுவாத்தான் பேசுவேன், காதைத் தீட்டிக்கோ... சாப்பாட்டு நேரம்தான். சூப்பர்வைசரா இருந்தாலும் போன் எடுத்துட்டு லைன்ல நிக்கக் கூடாது, உனக்குத் தெரியாதா?

காலையில உங்க கம்பெனி லெட்டர் வந்துச்சு... உங்க கம்பெனின்னு சொல்லாம? சட்டைக் கழுத்துல உங்க பேரைத்தானேடா ஒன்பது வருஷமா வெச்சுத் தைக்கறோம்... ஆமா, ஆடிட் லெட்டர்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாரு. வேலை நேரக் கணக்குல தவறிட்டோமாம். சிவப்பு மார்க். அடுத்த சீசன் ஆர்டர் இங்க கிடையாது, வேற நாட்டுக்குப் போகுதுன்னு கடைசி வரியில போட்டிருக்கு... உனக்குத் தெரியாதா?... நிஜமா?... தெரியும், ஆனா எங்க கம்பெனின்னு தெரியாது. சரி, நம்பறேன்.

இப்போ தெரிஞ்சுடுச்சுல்ல. மாத்து... மாத்துன்னா மாத்து! உங்களை விட்டா சட்டை வாங்கறதுக்கு வேற பையரே கிடையாதுடா எங்களுக்கு. கையில இருக்கற சட்டை இன்னும் பன்னெண்டு நாள்ல முடிஞ்சுடும். அப்புறம் மெஷினுக்கு உறையைப் போட்டு மூட வேண்டியதுதான். முந்நூத்து நாப்பது பேரு. நான் வெளிய என்ன சொல்லிட்டு இங்க வந்திருக்கேன் தெரியுமா? 'என் தம்பி அந்த ஆபீஸ்லதான் இருக்கான், நியாயமா வேலை நடக்குதான்னு பாக்கற டிபார்ட்மென்ட்லயே இருக்கான், ஒரு வார்த்தை சொன்னா போதும்'னு சொல்லிட்டு வந்திருக்கேன்... ஏன் சொன்னேன்னா? நீதானே வீட்டுக்கு வந்தப்போ அப்படிச் சொன்ன? அந்த அடையாள அட்டையை எல்லார் கையிலயும் குடுத்துப் பாக்க விட்டியே!

ம்... ம்... சொல்லு, கேக்கறேன்... தெரியும்டா. பன்னெண்டு மணி நேரம் உக்கார வெக்கறது தப்பு. நான் இல்லைங்கல. போன மாசம் ஒரு பொண்ணு தூக்கக் கலக்கத்துல விரலோட சேத்துத் தைச்சுட்டா, நான்தான் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டேன். எனக்கே நீ பாடம் எடுக்காத.

ஆனா ஏன் பன்னெண்டு மணி நேரம்? அதை யாராவது எழுதினாங்களா லெட்டர்ல?... இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். நான் உக்காந்திருக்கற பெட்டி என்ன பெட்டி தெரியுமா? கரும்பச்சை நூல். இதோ, நாலு, அஞ்சு, ஆறு பெட்டி, பிரிக்கவே இல்ல. கப்பல் ஏத்தறதுக்கு மூணு வாரம் இருக்கறப்போ 'கரும்பச்சை வேணாம், சாம்பல் குடுங்க'ன்னு மெயில் வந்துச்சு. தேதியைத் தள்ளிக் குடுங்கன்னு மேனேஜர் கெஞ்சினாரு. முடியாதுன்னுட்டாங்க. விலையும் போன வருஷத்தை விடக் கம்மி. அப்போ ராத்திரி எட்டு வரைக்கும் உக்காராம பூதமாடா வந்து தைக்கும்?

... யாரு மாத்தச் சொன்னது? உங்க ஆளுங்கதான்!... வேற டிபார்ட்மென்டா?... கீழ் மாடியில இருக்காங்களா... ஓ. விலை, தேதி, கலர் எல்லாம் கீழ் மாடி. நியாயம் மட்டும் மேல் மாடி... ஏன்டா, உங்க ஆபீஸ்ல லிஃப்ட் இல்லையா? இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேக்கறதுக்கு?... சிரிக்காத... சிரிக்கலையா? சரி, நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்.

ம்... அவங்க உன் பேச்சைக் கேக்க மாட்டாங்களா... மார்க் போட்டதும் கம்ப்யூட்டரே ஆர்டரை நிறுத்திடுமா? மனுஷங்க யாரும் கையெழுத்துப் போட வேணாமா?... அதுதான் நியாயமா? யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாதுங்கறதா?... ம்... கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

இல்லடா, கோபம் இல்ல. எனக்கு என் மேலதான் கோபம். ஆடிட்டுக்கு முன்னாடி நான் ஒரு மாசம் சொல்லிக் குடுத்தேன்டா லைன்ல இருக்கற பொண்ணுங்களுக்கு... ஆமா, நான்தான். டீ நேரத்துல நிக்க வெச்சு. எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. தண்ணி கிடைக்குதா? கிடைக்குது. யாராவது திட்டறாங்களா? இல்ல, அக்கா மாதிரி பாத்துக்கறாங்க... ஆமாம்டா, நான் திட்டித் திட்டித்தான் அதையும் மனப்பாடம் பண்ண வெச்சேன். ஸ்கூல் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லாதீங்க, சாதாரணமாச் சொல்லுங்கன்னு வேற பயிற்சி.

செக் பண்ண வந்தவங்க ஒரு கண்ணாடி போட்ட மேடம். நல்லவங்கதான். இவ்வளவு சிரிச்ச முகமா ஒரு ஆபீஸரை நான் பாத்ததே இல்ல. நான் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு கூடக் கேக்கல அவங்க. பொண்ணுங்களை ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு, ஊரு எது, வீடு எவ்வளவு தூரம்னு கேட்டுட்டு, 'எந்த பஸ்ல வீட்டுக்குப் போவீங்க?'ன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

வாயாடின்னு ஒருத்தி, காலர் வெக்கறவ, சின்னப் பொண்ணு, நான் சொல்லியிருக்கேன்ல... அவளேதான். அவளுக்கு ஒரே சந்தோஷம். தெரிஞ்ச கேள்வி வந்துடுச்சு! 'எட்டரை பஸ்ஸுங்க மேடம்'னு சொல்லியிருக்கா. அதோட விட்டாளா? 'டிரைவர் அண்ணன் எங்களுக்காக அஞ்சு நிமிஷம் நிறுத்தி வெப்பாரு, நாங்க ஏறினாத்தான் பஸ்ஸே எடுப்பாரு'ன்னு பெருமையாச் சொல்லிட்டு வந்திருக்கா. அவளுக்கு அப்புறம் போன நாப்பது பேரும் அதையேதான் சொல்லியிருக்காங்க. எட்டு மணி நேர வேலைன்னா நாலே முக்கால் பஸ்ஸுன்னு சொல்லியிருக்கணும். அப்படி ஒரு பஸ் ஓடுதுங்கறதே இங்க பாதிப் பேருக்குத் தெரியாதுடா. யாரு ஏறியிருக்கா அதுல?

அந்த மேடத்தைக் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் கேள்வியை யோசிச்சு வெச்சவன் எவனோ, அவன் பெரிய ஆளுடா. இந்த வேலையைக் கிட்ட இருந்து பாத்தவன்தான் அப்படிக் கேக்க முடியும். எந்த மகராசனோ...

என்ன?

... என்ன சொன்ன?

...

நீயா?

... ம்... ம்... ஆமா. படிக்கற வயசுல ராத்திரி பஸ் ஸ்டாப்ல நிப்ப. பெட்டிக்கடை வெளிச்சத்துல புத்தகத்தை வெச்சுக்கிட்டு நிப்ப. நான் இறங்கினதும் பையை வாங்கிப்ப... மறக்கல. எப்படி மறப்பேன்... அதை நினைச்சுத்தான் அந்தக் கேள்வியை எழுதினியா?... இனிமே எந்த அக்காவும் அந்த பஸ்ல வரக் கூடாதுன்னு... ம்... சரிடா... சரி, சரி, ஆபீஸ்ல நின்னுட்டு அழாத. யாராவது பாப்பாங்க. மூக்கைத் துடை.

... பாராட்டினாங்களா? எல்லாரும் கை தட்டினாங்களா... அப்படியா. எத்தனை நாட்டுல கேக்கறாங்க இப்போ?... பதினாலா! பதினாலு நாட்டுல என் பஸ்ஸைப் பத்திக் கேக்கறாங்களா... இல்லடா, கிண்டல் பண்ணல. நெஜமாவே பெருமையாத்தான் இருக்கு.

யாரு?... இரு தம்பி... யாரு கதவைத் தட்டறது?... வந்துட்டேன், ரெண்டு நிமிஷம்! நூல் எண்ணிட்டிருக்கேன்!... ஹலோ? பாத்தியா, உன்கிட்ட பேசிக்கிட்டே பொய் சொல்றேன்.

இப்போ கேளு. ஆர்டர் போற இடம் இருக்கே, அங்க சரியா நடக்குதா? அதையாவது சொல்லு. எங்களை விட நல்லா வெச்சிருக்காங்கன்னா எனக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருக்கும்... பச்சை மார்க்கா? முழுசா?... அங்கயும் அந்தக் கேள்வி கேட்டாங்களா? அங்க எந்த பஸ்ல போறாங்களாம்?

... பாரு. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு, நான் இருக்கேன்...

... என்னது? பஸ்ஸே இல்லையா?... கம்பெனிக்குள்ளயே தங்கறாங்களா? காம்பவுண்டுக்குள்ளயே?... ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?... எழுதலையா... எத்தனை மணிக்கு ரூமுக்குப் போறாங்க?... அதுவும் இல்லையா. அப்போ அந்தக் கேள்விக்கு நேரா என்னதான் போட்டிருக்கு?

... 'பொருந்தாது'.

... ம்... இல்ல, கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. 'பொருந்தாது.'

... நீ என்னடா பண்ணுவ. உனக்கு எப்படித் தெரியும். நீ பஸ் ஸ்டாப்ல நின்ன பையன், பஸ் ஸ்டாப்பைத்தான் எழுதுவ... திருத்தலாமா? புதுக் கேள்வி சேக்கலாமா?... அடுத்த வருஷமா... சேத்துடு. கண்டிப்பாச் சேத்துடு. அப்போ அந்தப் பொண்ணுங்க ஆர்டரும் வேற எங்கயாவது போகும். போகட்டும். அங்க என்ன கேக்கணும்னு அப்புறமா யோசிச்சுக்கலாம்... இல்லடா, குத்திக் காட்டல. வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல.

நியாயமா நடத்தணும்னா என்ன பண்ணணும், நீயே சொல்லேன். படிச்சவன். எங்களைக் கட்டாயம் எட்டு மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பு. சரி. அதுக்குத் தகுந்த விலை குடு, தேதி குடு. அதுக்கு உங்க சட்டை வாங்கறவங்க ரெண்டு காசு கூடக் குடுக்கணும்... மாட்டாங்களா?... எதிர்க் கடையில கம்மியா இருந்தா அங்க போயிடுவாங்களா... ஆமா, நானும் அப்படித்தான். போன வாரம் செருப்பு வாங்கறப்போ மூணு கடை ஏறி இறங்கினேன். அந்தச் செருப்பை எவ தைச்சாளோ, எந்த பஸ்ல போனாளோ, நான் கேட்டேனா? கேக்கலையே.

... என்ன?... என்னையா?... உங்களுக்காகச் செக் பண்ண வர்ற ஏஜென்சியிலயா? என்ன வேலை?... கம்பெனிங்க எங்கெங்க மறைப்பாங்கன்னு ஆடிட் பண்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதா... ம்... சம்பளம்?... இல்ல, சும்மா கேட்டேன்... மாசம் எத்தனை நாள் வெளியூர் போகணும்?... சும்மாதான்டா கேக்கறேன். வெளிய முந்நூத்து நாப்பது பேரு நிக்கறாங்க, நான் உள்ள உக்காந்து சம்பளம் கேட்டுட்டிருக்கேன் பாரு. எனக்கே அசிங்கமா இருக்கு... சரி, அப்புறம் பேசலாம்... அப்புறம்னா அப்புறம். இல்லைன்னு நான் இன்னும் சொல்லல.

திரும்பத் தட்டறாங்க. இரு... யாருடி?... நீயா. தனியாத்தான் வந்தியா?... உள்ள வா. கதவைச் சாத்து... தம்பி, அவதான். வாயாடி வந்திருக்கா. காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கல. லைன்ல எல்லாரும் அவளையேதான் பாக்கறாங்க. 'உன்னாலதான்டி'ன்னு ஒருத்தி சொல்லியும் ஆச்சு... அழாதடி. இந்தா, இதுல துடை... இல்ல, அது பெட்டி துடைக்கற துணிடி, முகத்துல அழுக்கு ஒட்டிக்கும். என் துப்பட்டாவை எடுத்துக்கோ.

தம்பி, இருக்கியா? அவ கேக்கறா. 'அக்கா, நான் நாலே முக்கால் பஸ்ஸுன்னு சொல்லியிருக்கணுமா?'ங்கறா.

... ஆமா, நீதான் சொல்லணும். உண்மையைச் சொன்னது தப்பில்லம்மான்னு நீ அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாடா. பொய் சொல்லச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே... ஆர்டரைத் திருப்பித் தான்னு கேக்கல, அது உன் கையில இல்லைன்னு புரிஞ்சுபோச்சு. இந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. அதுக்கு எந்த மாடியிலயும் கேக்க வேணாமே?

இரு, ஸ்பீக்கர்ல போடறேன்... இங்க வாடி, கிட்ட வா. இதுதான் என் தம்பி. சொல்லுவான், கேளு... ம், பேசுடா.

...

தம்பி?

...

சொல்லுடா. பக்கத்துலதான் நிக்கறா.

...

இருக்கான்டி, இருக்கான். மூச்சு விடற சத்தம் கேக்குது பாரு. யோசிச்சுச் சொல்லுவான், அவன் எப்பவுமே அப்படித்தான்... தம்பி, சும்மா 'ஆமா'ன்னோ 'இல்ல'ன்னோ ஒரு...

ஹலோ?

... ஹலோ?

... இல்லடி, அவனா போனை வெக்கல. லைன் கட்டாயிடுச்சு. வெளிய யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லு.