ஆகாயத்தில் சொன்ன முதல் "வேண்டாங்க"

தலைமை நாற்காலியைத் தகுதியால் நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் சந்திரசேகர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேன்மக்களே! முன்வரிசையைப் பிடித்த பிடி விடாமல் காத்துவரும் மூத்தோர்களே! தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் ஒலிபெருக்கி இல்லாமலே என்னை வென்றுவிடக்கூடிய தாய்மார்களே! பந்திக்கு இலை விழுந்ததா என்று வாசலை எட்டி எட்டிப் பார்க்கும் இளைஞர்களே! இராசிபுரம் நெசவு வணிகர் நலச் சங்கத்தின் முன்னாள் செயலாளனாகிய என் வணக்கத்தை வஞ்சனையின்றிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நம் மலேசியச் சுற்றுலா அக்டோபர் மாதம் நடந்ததாகத் தலைவர் குறிப்பிட்டார். அது பிழை. 2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. குரோதி ஆண்டு, ஆவணி இருபத்தொன்பது. தலைவர் தவறலாம், தேதி தவறலாமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அதோ, முன்வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் சிரிக்காமல் அமர்ந்திருக்கிறாள். நாமகிரிப்பேட்டை குமரன், சாரதாமணி தம்பதியின் மகள் பிரீத்தி. நாம் சென்ற அதே விமானத்தின் பணிப்பெண். அவளுக்கு இன்று "வளர்மகள் விருது" வழங்குவதாக அழைப்பிதழில் அச்சிட்டோம். இப்போது அதே மேடையில் அவளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்கிறார் நம் பொருளாளர் சின்னண்ணன். பொன்னாடை போர்த்த அழைத்துவிட்டுப் பழியைப் போர்த்தி அனுப்புவதா? பெற்ற தாய் சாரதாமணி தலை குனிந்தவர் இன்னும் நிமிரவில்லையே! அதற்காகத்தான் நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

குற்றம் என்ன? கடந்த ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, ஓர் இணைய நேர்காணலில் மூன்று விமானப் பணிப்பெண்கள் சேர்ந்து பேசினார்கள். பயணிகள் என்ன உண்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்பதே பேச்சு. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவரும் வானில் ஏறினால் அதையே கேட்பதேன் என்று ஒருத்தி வியந்தாள். உணவில் உப்பில்லை என்று மூன்று தட்டைக் காலி செய்தபின் புகார் சொன்னவரை இன்னொருத்தி வருணித்தாள். நம் பிரீத்தியும் இரண்டு செய்திகள் சொன்னாள். இரண்டும் உண்மை. அதுதான் சிக்கல்!

முதல் செய்தி. அன்று விமானம் மேலெழுந்தது. உணவு வண்டி வந்தது. வடக்கத்திப் பணிப்பெண் ஒருத்தி வரிசை வரிசையாகப் புன்னகையோடு கேட்டாள். நாம் என்ன சொன்னோம்?

"வேண்டாங்க, இப்பத்தானுங்க சாப்புட்டம்."

யார் சாப்பிட்டது? எப்போது சாப்பிட்டது? நம் வழக்கம் என்ன? விருந்துக்குப் போன வீட்டில் முதல் கேள்விக்கே சரி என்றால் மரியாதையா? வேண்டாம் என்போம், அவர்கள் "அதெல்லாம் கெடையாது, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், பிறகுதானே இலை முன் அமர்வோம்! அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா? வேண்டாம் என்றதும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள்! உடல் முழுவதும் பசி, உதடு மட்டும் மரியாதை! நானும் காப்பியை வேண்டாம் என்றவன்தான். போகும் வண்டியின் பின்னாலேயே என் கண்கள் போயின.

யாரங்கே? "நீங்க காப்பிய மட்டுமா பாத்தீங்க" என்கிறார் ஒரு நண்பர். ஐயா, எனக்கு வயது எழுபத்தெட்டு. காப்பியை மட்டும்தான் பார்த்தேன்.

என் பக்கத்து இருக்கையில் உண்ணாமலை அம்மாள். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, சோற்றை வேண்டாம் என்றுவிட்டார். சற்று நேரத்தில் விரல்கள் நடுங்கின; நெற்றி வியர்த்தது. பின்பக்கத்தில், இன்றைய பயணிகள் எல்லோரும் விரதமா என்று வடக்கத்திப் பெண் கேட்டிருக்கிறாள். பிரீத்தி சிரித்திருக்கிறாள். "வெரதமுமில்ல ஒண்ணுமில்ல. எங்க ஊர்க்காரங்க மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. வா, இன்னொருக்கா போலாம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். உண்ணாமலை அம்மாள் முன்னால் நின்று, "அம்மச்சி, அதெல்லாம் கெடையாது, சாப்புட்டே ஆகோணும்" என்றாள். அந்த அம்மாள் உண்டார், தெளிந்தார். அதன்பின் நாம் எல்லோரும் எப்படி உண்டோம் என்பதை நான் சொல்ல மாட்டேன். ரொட்டி தீர்ந்துபோனது என்று பிரீத்தியே சொல்லிவிட்டாள்.

"அது செரிங்க, ரெண்டாவதச் சொல்லுங்க!" என்கிறார் சின்னண்ணன். சொல்கிறேன், பொறுங்கள்.

அதே பயணத்தில் ஒரு பெரியவர். மனைவி பக்கத்தில் இருந்தவரை, "எனக்குத் தண்ணி போதுஞ்சாமி" என்றாராம். மனைவி கண்ணயர்ந்ததும் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "ஏஞ்சாமி, ஆப்பிள் ஜூஸ் நெறத்துல வேற ஏதாச்சும் இருந்தா ஒரு டம்ளர் குடு" என்றாராம். இவ்வளவுதான் பிரீத்தி சொன்னாள். பெயர் சொன்னாளா? இல்லை. தொழில் சொன்னாளா? இல்லை. இருக்கை எண் சொன்னாளா? இல்லை. அன்று அந்த விமானத்தில் பறந்த நம் சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் கேட்டோம், சிரித்தோம், மறந்தோம். ஒரே ஒருவருக்கு மட்டும் பிப்ரவரி 2ஆம் தேதி செயற்குழுவில் கோபம் வந்தது. ஏன் வந்தது? எனக்குத் தெரியாது. நான் யாரையும் சொல்லவில்லை.

என்ன வசந்தாமணி அம்மா, எழுந்துவிட்டீர்கள்?

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு அன்னைக்கு மூணு டம்ளரு ஆப்பிள் ஜூஸ் குடிச்சேன்னாருங்க! ஒடம்புக்கு நல்லதுன்னு ஊரெல்லாம் நானே சொல்லிட்டுத் திரிஞ்சனே!"

அமைதி, அமைதி. அம்மா, அது ஆப்பிள் ஜூஸாகவே இருக்கட்டும். சின்னண்ணன் அவர்களே, வீட்டம்மா பேசும்போது அருள்கூர்ந்து நாற்காலியை விட்டு நகராதீர்கள்.

பெருமக்களே, விளையாட்டு போதும். பெரிய நகரத்து நேர்காணலில், பளபளக்கும் விளக்குகளின் கீழே, மற்ற இரு பெண்களும் "பயணிகள்" என்றார்கள். இவள் மட்டும் "எங்க ஊர்க்காரங்க" என்றாள். எங்க! அந்தச் சொல்லுக்கு என்ன விலை? சீருடை மாறியும், பேசும் மொழி மாறியும், பறக்கும் உயரம் மாறியும், அந்த "எங்க" மாறவில்லையே! அயலாரை யார் கேலி செய்வார்? மாமன் மச்சானைத்தானே கேலி செய்வோம்! நம் வேண்டாம் என்ற சொல்லுக்குள் இருந்த பசியை அந்த வானத்தில் கேட்ட ஒரே காது இவள் காது. அந்தக் காதைத் திருகுவதா நம் தீர்மானம்? இன்று இவளைத் தலைகுனிய வைத்தால், நாளை நம் பெண்கள் எந்த ஊரில் நின்று "எங்க" என்று சொல்வார்கள்? சொல்லுங்கள்! சின்னண்ணன் அவர்களே, நீங்களும் சொல்லுங்கள்!

"தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறனுங்க. ஆள விடுங்க."

தலைவரே, பதிவு செய்யுங்கள்: 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, கண்டனம் கைவிடப்பட்டது. பிரீத்தி, மேடைக்கு வா அம்மா. சாரதாமணி, நிமிருங்கள், இந்தக் கைதட்டல் உங்கள் மகளுக்கு. பொன்னாடையை நானே போர்த்துவதாக இருந்தேன். ஆனால் வசந்தாமணி அம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இந்தப் புள்ளைக்கு நாந்தான் போத்துவேன். மிச்சத்த ஊட்டுல போய்ப் பேசிக்கறேன்" என்கிறார்.

பேசிக்கொள்ளட்டும். பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், சிரித்து ஏற்ற உங்கள் நெஞ்சங்களுக்கும், சின்னண்ணன் அவர்களின் தைரியத்துக்கும் என் நன்றி. வணக்கம்!