முந்நூறு ஆதராஞ்சலிகளுக்கு அடியில்

ஹலோ... ஹலோ, அஜேஷா? ... ரத்னபாயாக்கும். ... பனச்சமூட்டுல ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுத ரத்னபாய். உனக்க ரிப்பேர் குரூப்புல நானும் உண்டு. ... ஆமா, ஆமா, சுகம். எலே, சுகம் கேக்க நேரமில்ல. ஒரு மரிச்ச வீட்டுல நிக்கேன். பெட்டி நின்னு போச்சு.

... உள்ள ஆளு உண்டு. அதத்தானே சொல்லுதேன். மகன் துபாயில இருந்து நாளைக்குக் காலத்த தான் வருவான். அது வர தணுப்பு நிக்கணும். ஐஸ் வாங்கி அடுக்கியிருக்கேன், அது எம்புட்டு நேரம் தாங்கும்?

... ஸ்க்ரீன்ல 'ஈ ஒண்ணு'ன்னு மின்னுது. ... பாத்தேன். குரூப்புல நீ மேல தூக்கி வச்சிருக்க பதிலப் பாத்தேன். இதுதான் சரின்னு பச்சை டிக்கும் போட்டிருக்க. 'கேஸ் நிறைக்கணும்'. ... சார் எழுதினதுன்னா சரியாயிருமா? கிருஷ்ணன்குட்டி சார் பெரிய மெக்கானிக் தான், இல்லன்னு சொல்லல. போன மாசம் அத நம்பித்தான் கேஸ் நிறச்சேன். ரெண்டாம் நாள் திரும்ப நின்னு போச்சு; பெறவு தானா ஓடிச்சு, இன்னைக்கு மறுபடி நின்னுட்டு.

... எம்பத்தாறு லைக்கா? லைக்கு தட்டின எம்பத்தாறு பேருல பெட்டியத் தொறந்து பாத்தவன் எத்தன பேரு? ... ஒருத்தனக் காட்டு. ... ம். கைகூப்ப மட்டும் தெரிஞ்சவனுவ.

... இல்ல, கேளு. அதுக்குக் கீழயே ஒரு பொம்பள சரியான வழி எழுதியிருந்தா. நாலு பேரு, 'செஞ்சு பாத்தேன், எனக்கும் ஓடுது'ன்னு எழுதியிருந்தாவ. எனக்கு ஓர்மை உண்டு. இப்பம் தேடுனா கிட்டல்ல. எப்படிக் கிட்டும்? நேத்தைக்கு சார் மரிச்சாருன்னு நீ அவருக்க பழைய பதிலயெல்லாம் வாரி மேல போட்டுட்ட. அதுக்கு அடியில முந்நூறு பேரு வந்து 'ஆதராஞ்சலிகள்'. எடையில ரோஜாப்பூ. ஒருத்தன் குட்மார்னிங் வேற. ரிப்பேர் குரூப்பா, பூக்கடையாலே?

... மரியாதையா? ... சரி. மரியாதை. பெட்டிக்குள்ள ஆருன்னு நீ இதுவர கேக்கவே இல்ல.

... கிருஷ்ணன்குட்டி சாராக்கும். காஞ்சிரங்குளத்துல அவருக்க வீட்டுலதான் நான் நிக்கது.

... ஆமா, அவரேதான். ... ஆ, தேடு. நீ அட்மின் தானே, தேடு. அந்த வழி எழுதினவளுக்கு லேகான்னு பேரு. அதியன்னூர்க்காரி. ... அது பெறந்தநாள் வாழ்த்து. கீழ போ. ... அது உனக்க படம். கீழ. ... ஆங். வாசி. பைய வாசி.

... ஆமா ... பின்பக்கம் ... ஃபேனுக்கு அடியில ... தணுப்பு அளக்குத கறுத்த வயர், மெலிசு. கண்டேன். ... ஆமாலே, தண்ணி சொட்டி, பச்சையாப் பூத்துக் கெடக்கு. ... கெட்ட துண்ட வெட்டிட்டு ... நல்ல கம்பிய முறுக்கி ... டேப்பு. இம்புட்டுத்தானா? ... இந்த ரெண்டு வரிக்காக்கும் நான் முந்நூறு பூவத் தள்ளிப் பாத்தது. நில்லு, கட் பண்ணாத. கறண்ட ஆஃப் பண்ணுதேன்.

... ம். ... ஒரு நிமிசம். ... டேப்பு சுத்தியாச்சு. போடுதேன்.

... சத்தம் கேக்குதா? ஓடுது. நம்பரு எறங்குது. கர்த்தாவே.

... உனக்க சந்தோசம் இருக்கட்டு. அந்த பச்சை டிக்க எடுத்து லேகாக்க பதிலுல போடு. இப்பமே. ... பதினாறு கழியட்டுமா? பதினாறு கழியதுக்குள்ள இன்னும் எத்தன வீட்டுல பெட்டி நிக்கணும்? ... சாருக்க பொஞ்சாதி வெசனப்படுவாவன்னா? அவங்க எனக்க பக்கத்துலதான் நிக்காவ. எல்லாம் கேட்டுட்டுத்தான் நிக்காவ. ... நில்லு. என்னமோ சொல்லுதாவ. ... சொல்லுங்க சரசம்மக்கா.

...

... அஜேஷே. கேளு. சாருக்கு அது தப்புன்னு தெரியுமாம். ரெண்டு வருசமாத் தெரியுமாம். மாத்தணும்னு போன எடுத்து எழுதுவாராம், பெறவு அழிச்சிருவாராம். 'இத்தன பேரு கைகூப்பிட்டு நிக்கானுவ சரசம்மே, நான் எந்த மொகத்த வச்சு தப்புன்னு சொல்லுவேன்'ன்னு கேட்டாராம்.

... லேய். ... கரையாத மக்கா, கண்ணத் தொடச்சுக்க. ... ஆமா. ... ஆமா, நல்ல மனுசன் தான். ஆரு இல்லன்னா? முதல்ல டிக்க மாத்து. மாத்திட்டு இங்க வந்து கரை. காலத்த வர சாரு இங்கதான் உண்டு. ... ம். வைக்கேன்.