குரோய்டன் ரயிலில் துவக்குப் பேச்சு

பள்ளிக்கூடம் போகாமலே லண்டனில் கடை போட்டவன் நான். ஆளைக் கண்டதும் எடை போட்டுவிடுவேன். அன்று குரோய்டன் ரயிலில் எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தார். இளையவன் அகதி விசாரணைக்குப் போகிறான்; பேச்சோ அவன் வேலை செய்யும் துப்பாக்கிப் பட்டறை பற்றி, அவர்கள் வாயில் அது துவக்கு.

"அண்ணை, வேட்டைத் துவக்கின்ர பிடியை, வாங்கிற துரையின்ர தோளை அளந்துதான் வால்நட் மரத்தில செதுக்குவினம். நான் கையால எண்ணெய் தேய்ச்சு விட்டால் பட்டு மாதிரி இருக்கும்."

"இதை அங்கை சொல்லப் போறியோ?"

"கேட்டால் சொல்லுவன். நல்ல வேலையெல்லே?"

"யாழ்ப்பாணத்தான் லண்டனில துவக்குச் செய்யிறான் எண்டால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். மெல்லக் கதை. எதிரில இருக்கிற கிழவர் கனநேரமாப் பேப்பரைத் திருப்பேல்லை."

நான் உடனே பக்கத்தைத் திருப்பினேன்.

இளையவன் என்னைப் பார்த்தபடி குரலை உயர்த்தினான். "ஓம் அண்ணை, நான் கதிரை மேசைக்குத்தான் பொலிஷ் அடிக்கிறன்."