தலை சாய்ந்த இடம்

– கறை மேல அப்படியே அடிச்சா நிக்காதும்மா. தலை எண்ணெய் சுவத்துக்குள்ள ஊறிக் கிடக்கு. சோப்புத் தண்ணியில கழுவி, காய விட்டு அடிக்கணும். இல்லாட்டி மஞ்சளா எட்டிப் பார்க்கும்.

– பார்த்துட்டுப் போகட்டும் பெயிண்டரே. என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச இன்னிக்குச் சாயங்காலம் வர்றாங்க. அதுக்குள்ள முடிங்க.

– இந்த ரூமையும் பார்ப்பாங்களா?

– இது பூட்டியிருக்கும். உள்ள அடிக்கிற நாத்தத்தை பெயிண்ட் வாசனை அமுக்கினா போதும்.

– பெயிண்டை செண்டாக்கிட்டீங்களே! யாரும்மா இங்க உட்கார்ந்திருந்தது?

– எங்க அம்மா. போய்ச் சேர்ந்துட்டாங்க.

– உட்கார்ந்தா என் தலையே இந்த உயரம் வராது. கதவோரம் வேற, காரையை நகத்தால பேர்த்த மாதிரி குழி குழியா இருந்துச்சு.

– எலியா இருக்கும். கேள்வி கேட்கவா உங்களைக் கூப்பிட்டேன்?

– கோவிச்சுக்காதீங்க. எல்லாம் பட்டி வெச்சு அடைச்சாச்சு. இந்த அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதைத் தொட்டுப் பாருங்க, குழந்தை கன்னம் தோத்துச்சு. அண்ணே, முன்னாடி இந்த வேலை பார்த்திருக்கீங்களா?

– வேலை தெரியாது. சுவரு தெரியும்.

– கேட்டீங்களா! காலையிலேர்ந்து வாயைத் திறக்காத மனுஷன், திறந்தா சுருக்குன்னு பேசுறாரு. யாரும்மா இவரு?

– தூரத்துச் சொந்தம். ஒத்தாசைக்கு வந்திருக்கார்.

– என் கையாள் சொல்லாம நின்னுட்டான். நாளைக்கு இவரை என்கூட அனுப்புங்க. அண்ணே, மூணு மாடிக்குச் சாரம் கட்டியிருக்கு. ஏறினா தெருவே காலடியில தெரியும். பயமில்லையே?

– தெரு தெரியுமா?

– கோடி வரைக்கும் தெரியும்.

– வரேன்.

– வர மாட்டார். நாளைக்கு ஊருக்குப் போறார்.

– நான் எந்த ஊருக்குப் போறேன்?

– நீ சும்மா இரு!

– என்னம்மா, வயசுல பெரியவரை ‘நீ’ன்னு பேசுறீங்க... ஐயோ, அழாதீங்கம்மா. நான் ஒண்ணும் கேட்கல.

– ரோலரை எடுங்க பெயிண்டரே. நேரமாச்சு.

– இந்தா, இந்தப் பக்கம் ஓட்டினா முடிஞ்சுது. ஜன்னல், கதவு ரெண்டையும் திறந்து போடுங்க. மூடி வெச்சா இந்த நெடியில மனுஷன் உள்ள இருக்க முடியாது.

– சரி, கிளம்புங்க.

– அண்ணே, வாங்க, கையைக் கழுவலாம். ஏன், வெறுந்தரையில உட்கார்ந்துட்டீங்க?

– வாசல்ல கார் சத்தம் கேக்குது. நீ வெளிப்பக்கம் பூட்டிக்கோ தங்கச்சி. ஈரம் காயுற வரைக்கும் சுவத்துல தலை சாய்க்க மாட்டேன்.