சுகந்தி அக்காவுக்கு ஒரு வாக்குக் குறைவு

"சுகந்தி அக்கா, என்ரை வோட் உங்களுக்கு இல்லை."

லண்டனில், பார்க்கிங் என்ற ஊருக்குப் போவதாகப் பேசிக்கொண்டே குட்மேய்ஸில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள், எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். சுகந்தி அக்கா என்பவரின் மடியில் அவருடைய படம் போட்ட நோட்டீஸ் கட்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு, பெற்றோர் தரப்பில் போட்டியிடுகிறாராம்.

"என்ன வாசுகி, பகிடியா?"

"இல்லை அக்கா. நீங்கள் வெல்லக்கூடாது எண்டு கோயிலிலை நேர்த்தியே வைச்சிருக்கிறன்."

"அந்தக் குழுவிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டுதானே நான் நிக்கிறன்!"

"அதுதான் எனக்கு நிம்மதி. என்ரை மகனைப் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போட்டினம். வாற மாதம் அந்தக் குழுதான் விசாரிக்கப்போகுது. வெள்ளைக்காரர் கேட்டால், கேட்டிட்டு வீட்டை போயிடுவினம். எங்கட ஆக்கள் கேட்டால், நாளைக்கு அவனுக்குக் கலியாணம் பேசேக்கையும் அது வந்து நிக்கும்."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? அங்கை கதைக்கிறதை வெளியிலை விடேலாது. என்ரை மனுசனுக்கே சொல்லமாட்டன்."

"சத்தியமா?"

"பிள்ளையார் சத்தியமா."

வாசுகியின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. சுகந்தி அக்கா நோட்டீஸ்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, எனக்கு மட்டும் சொல்லும். பெடியன் என்ன செய்தவன்?"

பார்க்கிங் இன்னும் தூரத்தில் இருந்தது. வாசுகி எழுந்து, இறங்குவதற்கு மணியை அழுத்தினாள்.